தொலைந்த தோடு

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிற்கும் இராயக்கோட்டைக்கும் இடையே, சேலத்திலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் மாரண்டஹள்ளி. சுற்றிலும் செம்மண் நிலம். தொலைவில் காடு அடர்ந்த குன்றுகள். அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்றைத் தடுத்துக் கட்டிய அணை. தக்காளியும் கேழ்வரகும் விளையும் அவ்வூர்ப் புறத்து நிலம் ஒன்றில், மார்கழி மாதத்து மாலைப்பொழுதில், உழவர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் தற்செயலாகத் தம் வலக்காதைத் தொட்டுப் பார்த்தார். காதில் தோடு இல்லை. திருகு கழன்று எங்கோ விழுந்துவிட்டது.

அத்தோடு அவர் தாயார் அணிந்திருந்தது. தாயார் மறைந்தபின் வேறு நகை எதுவும் அவருக்கு வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் வீட்டிலிருந்த மற்றப் பொன்னெல்லாம் அடகுக்குப் போயிற்று. இவ்விணைத் தோடு மட்டும் போகவில்லை. ஆதலின் மூன்று நாள்கள் அவரும் பிள்ளைகளும் தக்காளி வரிசைகளுக்கிடையே மண்ணைச் சல்லடையிட்டுத் தேடினர். ஓர் ஏக்கர் மண்ணை எத்தனை நாள் சலிப்பது? நான்காம் நாள் அவர், இரயில் நிலையத்தின் பக்கம் குடியிருந்த பெரியவர் ஒருவரின் வீட்டு வாயிலில் போய் நின்றார்.

அப்பெரியவர் மின்வாரியத்தில் கம்பியாளராய் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் உலோகத்தை உணர்த்தும் கருவி ஒன்று இருந்தது; மெட்டல் டிடெக்டர் என்று பலரும் கூறுவது அதுவே. நீண்ட கோல், அதன் அடியில் வட்டமான தட்டு, மேலே ஒரு சிறு பெட்டி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு காதொலிப்பான். இவ்வளவுதான் அதன் உருவம். மண்ணில் புதைந்த குழாய்களையும், உழவில் கழன்று விழுந்த திருகாணிகளையும் அதனால் கண்டெடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். அவர் புதையல் தேடுகிறார் என்று ஊர்ச் சிறுவர் நம்பினர். “புதையல் கிடைத்தால் எனக்கேதடா? பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள்” என்று அவர் நகைப்பார். பழஞ்சின்னங்கள் உள்ள இடத்தில் அவர் கருவியைத் தரையில் வைத்ததே இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதன்றோ? அத்தகைய மண்ணைக் கிளறும் உரிமை அதற்குரிய துறையாருக்கே உண்டு என்பது அவர் கொள்கை.

கருவி வேலை செய்யும் முறை விந்தையானது. தட்டினுள் செப்புக்கம்பிச் சுருள்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் தட்டைச் சூழ்ந்து காந்தப்புலம் ஒன்று ஓயாமல் எழுந்து அடங்குகிறது. அப்புலம் மண்ணினுள் கிடக்கும் உலோகத்தில் பட்டதும், அவ்வுலோகத்திலும் சிறுசிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தமக்கெனத் தனியே ஒரு மெல்லிய காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அம்மெல்லிய மறுமொழியை இரண்டாம் சுருள் செவிமடுத்து ஒலியாக்கித் தருகிறது. தோடு போன்ற சிறு பொருள் தரும் மறுமொழி, திருவிழாக் கூட்டத்தில் குழந்தை முணுமுணுப்பதைப் போன்றது. கூட்டம் ஓசையடங்கினாலன்றி அது கேளாது.

முதல் நாள் மாலை பெரியவர் நிலத்தில் இறங்கியதும் கருவி கூச்சலிட்டது. தட்டைத் தரையில் வைத்தாலும் கூச்சல். வானை நோக்கித் தூக்கிப் பிடித்தாலும் கூச்சல். மண்ணில் உள்ள பொருளால் எழும் ஒலியாயின் தூக்கிப் பிடித்ததும் நின்றிருக்க வேண்டும். ஆகவே இது மின் இடையூறு என்று அவர் தெளிந்தார். நிலத்தின் நடுவே உயரழுத்த மின்கம்பி போயிற்று. மூலையில் மின்மாற்றி நின்றது. கிணற்றடியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அனைவர் மடியிலும் கைப்பேசி இருந்தது.

அவர் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கைப்பேசிகளை அணைத்து வரப்பில் வைக்கச் சொன்னார். பம்பை நிறுத்தச் செய்தார். கருவியின் அலைவெண்ணைச் சற்றே மாற்றினார். ஒரே தெருவில் இருவர் ஒரே சுருதியில் கூவினால் குழப்பம் நேரும்; ஒருவர் சுருதி மாற்றினால் பிரித்துணரலாம். கூச்சல் பாதியாய்க் குறைந்தது. எஞ்சியதில் இரண்டு ஓசைகள் கலந்திருந்தன. ஒன்று, நொடிக்கு ஒரு முறையாக ‘டிக், டிக்’ என்று தவறாமல் வந்தது. அது கிழக்கு நிலத்துச் சூரிய மின்வேலியின் துடிப்பு என்பதில் ஐயமில்லை. யானை வரும் ஊராதலின் அத்தகைய வேலிகள் அங்கே உண்டு. அவை மின்கலத்திலிருந்து விட்டுவிட்டு நொடிப்பொழுது அதிர்ச்சி தருவன. விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லா. மற்றொன்று இடைவிடாத கரகரப்பு. மேலே போகும் கம்பியின் பீங்கானில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அவர் எண்ணிக்கொண்டார். அந்த எண்ணம் முழுதும் சரியன்று என்பது பின்னரே தெரிந்தது.

“உணர்திறனைக் குறைத்தால் இவ்விரைச்சல் அடங்காதா, அண்ணா?” என்று அப்பெண்மணி கேட்டார்.

“அடங்கும், அம்மா. ஆனால் உன் தோட்டின் குரலும் அதனோடு அடங்கிப்போகும். சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரத்தை நிறுத்துவதாக நாளிதழில் போட்டிருக்கிறார்கள். அதுவரை பொறுத்திரு” என்றார் பெரியவர். மாதம் ஒருமுறை வரும் அம்மின்தடையை ஊரில் ஒருவரும் விரும்புவதில்லை. அவ்வாண்டு அதற்காக நாள் எண்ணியவர் அவர்கள் இருவர் மட்டுமே.

இவ்வகை இடர்ப்பாடு இன்று தோன்றியதன்று. இக்கருவியின் வரலாறே அதனோடுதான் தொடங்குகிறது. 1881ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு வாசிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. அது எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்சு கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல், கம்பிச் சுருள்களும் தொலைபேசிக் காதுக்குழலும் கொண்டு ஒரு கருவி அமைத்து விரைந்தார். சூலைத் திங்கள் இறுதியில் முதற்சோதனை நடந்தது. காதுக்குழலில் ஓயாத படபடப்பு. மின்னேற்பி ஒன்றைத் தவறாக இணைத்திருந்ததே காரணம் என்று பின்னர்க் கண்டார். ஆகஸ்டு முதல் நாள் மறுமுறை முயன்றார். அப்பொழுது உடலின் பெரும்பரப்பெங்கும் மெல்லிய ஒலி கேட்டது. குண்டு ஓரிடத்தில்தானே இருக்கும்? நோயாளியின் படுக்கைக்கு அடியில் எஃகுக்கம்பி மெத்தை ஒன்று கிடந்தது பிறகு தெரியவந்தது. அதுவுமன்றி, தலைமை மருத்துவர் குண்டு வலப்புறம் உள்ளதென்று உறுதி கொண்டு அப்பக்கத்தையே தேடச் செய்தார். செப்டம்பர் 19ஆம் நாள் கார்பீல்டு இறந்தபின் உடலைத் திறந்து பார்க்கையில் குண்டு இடப்புறம் இருந்தது. பெல்லின் கருவியிடம் பெருங்குறை இல்லை. அதைச் சூழ்ந்திருந்த இரும்பும் பிடிவாதமுமே அதனைத் தோற்கடித்தன.

நம் நாட்டில் இடையூற்றுக்கு அஞ்சி ஓர் ஆராய்ச்சிக் கூடமே ஊர் மாறிய கதை உண்டு. பம்பாயின் கொலாபாவில் 1841 முதல் புவியின் காந்தத்தை அளந்து வந்தனர். நூற்றாண்டின் இறுதியில் பம்பாய்க்கு மின்சார டிராம் வண்டி வரும் என்ற பேச்சு எழுந்தது. சென்னை நகரத்தார் 1895லேயே அதில் ஏறிவிட்டனர், பம்பாய் பின்தங்குமா? டிராமுக்குப் போகும் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்புகையில் நிலத்திலும் கசியும். காந்த ஊசி அதனால் கலங்கும். டிராம் வேண்டாம் என்று ஆய்வாளர் வாதாடவில்லை. கூடத்தின் தலைவரான நானாபாய் மூஸ், கடலுக்கு அப்பால் அலிபாக்கில் இரும்பு கலவாத கட்டடம் ஒன்றை எழுப்பி, 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே வேளையில் அளந்து, இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு இணைத்த பின்னரே பழைய இடத்தை விட்டார். 1907இல் டிராம் ஓடியது. அளவைத் தொடரோ அறுபடவில்லை. அரசினரால் கூடத்தைப் பெயர்த்து வைக்க இயன்றது. மாரண்டஹள்ளிப் பெரியவரால் தக்காளித் தோட்டத்தைப் பெயர்க்க இயலுமா? மின்சாரம் தானே ஒதுங்கும் நாளுக்காக அவர் காத்திருந்தார்.

சனிக்கிழமை காலை மின்சாரம் நின்றது. கருவியைத் திறந்தார். கிழக்கு வேலியின் ‘டிக், டிக்’ தவிர வேறு ஓசை இல்லை. உணர்திறனை உச்சத்தில் வைத்துப் பிற்பகல் வரை தோட்டம் முழுவதும் வரிசை வரிசையாகச் சென்றார். களைக்கொத்தின் உடைந்த அலகு ஒன்று, ஆணிகள் பன்னிரண்டு, சோடாப் புட்டி மூடிகள், மாட்டு இலாடம் ஒன்று, இவை அகப்பட்டன. தோடு அகப்படவில்லை. இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. கம்பியின் கீழே கருவி மறுபடியும் சிறிது முனகியது. சிறிதுதான்; முதல் நாள் கேட்ட கரகரப்பு அவ்வளவு இல்லை. பெரியவர் அதைக் கவனித்தார்; ஆயினும் காரணம் தேடவில்லை.

“அன்று மேற்கு வரப்பில் புல்லும் அறுத்தேன்” என்று அப்பெண்மணி நினைவு கூர்ந்தார். பொழுது சாயும் வேளையில் இருவரும் அவ்வரப்பை நோக்கி நடந்தனர். மின்கம்பங்கள் பின்னே தொலைவாயின, கருவி அமைதியாயிற்று. இன்னும் இருபது அடி இருக்கும். அப்பொழுது, யாரோ பொத்தானை அழுத்தினாற்போலக் கரகரப்பு ஒரே நொடியில் சீறி எழுந்தது.

பெரியவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவரைக் கைநீட்டித் தடுத்தார். மேற்கே மின்கம்பம் கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்தில் புதிதாய்த் தொடங்கும் கம்பிக் கசிவு உலகில் உண்டோ? வரப்பின் மறுபுறம், கேழ்வரகுக் கொல்லையைச் சுற்றி, முழங்கால் உயரத்தில் குச்சிகள் மேல் ஒரு கம்பி ஓடியது. ‘சூரிய வேலி’ என்று அந்நிலத்தார் சொல்லியிருந்தார். சூரிய வேலியாயின் துடிப்பன்றோ கேட்க வேண்டும்? இது துடிக்கவில்லை, ஓயாமல் கரகரத்தது. பனியில் நனைந்த புல் கம்பியைத் தொடும் இடந்தோறும் சிறு பொறிகள் எழுந்துகொண்டிருக்க வேண்டும். பெரியவர் பையிலிருந்த பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார். அதிலும் அதே கரகரப்பு. பெட்டியைத் திருப்பத் திருப்ப ஓசை ஏறி இறங்கி, அக்கம்பியின் பக்கத்தையே சுட்டியது.

“வந்த வழியே திரும்பு, அம்மா. கால் இடறாமல் மெல்ல நட” என்றார். குரல் சற்றே நடுங்கியது. பணிக்காலத்தில் அவர் பார்த்த விபத்துகள் பல. 2023 மார்ச்சுத் திங்களில் மாரண்டஹள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில், வேலியில் நேரே பாய்ச்சிய மின்சாரத்தால் மூன்று யானைகள் மாண்டதையும், குட்டிகள் இரண்டு பிழைத்து நின்றதையும் அப்பகுதியில் மறந்தவர் இலர். வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது சட்டம் தடுத்த செயல். அது யானையென்றும் புல் அறுக்கும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. அத்தோடு விழுந்த நாளன்று அப்பெண்மணி அவ்வரப்பில் இருட்டும்வரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெரியவர் சாலை வழியாய்ச் சுற்றிக்கொண்டு அந்நிலத்தார் வீட்டை அடைந்தார். முதலில் அவர் மறுத்தார். “மின்கலம் வைத்த வேலி துடிக்கும். உன் வேலி துடிக்கவில்லை. வா, கேட்டுப் பார்” என்று பெரியவர் டிரான்சிஸ்டரை நீட்டவே, அவர் தலை கவிழ்ந்தார். “பன்றி புகுந்து பாதிக் கதிரைத் தின்றுவிட்டது, அண்ணா. இராத்திரிக்கு மட்டும் போடுகிறேன்” என்றார். அவர் சொன்னதும் பொய்யன்று. அவருக்கும் கடன் இருந்தது. பெரியவர் பியூசைத் தாமே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “காலைக்குள் கம்பி இறங்கவில்லையானால் அலுவலகத்துக்கு நானே போவேன்” என்று மட்டும் சொல்லி வெளியே வந்தார். அப்போதே போயிருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் பின்னர்க் குறை கூறினர். வேறு சிலர் செய்தது போதும் என்றனர்.

மறுநாள் விடிந்தபோது குச்சிகள் மட்டும் நின்றன. கம்பி சுருளாய் அவ்வீட்டுத் திண்ணையில் கிடந்தது. பெரியவர் மேற்கு வரப்பில் இறங்கினார். கிழக்கு வேலியின் துடிப்பு தொலைவில் மெல்லக் கேட்டது. பனி காயுமுன், குச்சிகளிலிருந்து இரண்டடி இப்பால், அறுத்த புல்லின் தாள்களுக்கிடையே, கருவி மிகச் சிறிதாக ஒருமுறை ஒலித்தது. அவர் குனியவில்லை, அப்பெண்மணியைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினார். அவர் விரலால் மண்ணை விலக்கித் தோட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டார். திருகு மட்டும் கிடைக்கவில்லை. பெரியவர் அதற்காக மேலும் அரைமணி நேரம் தேடிக்கொண்டிருந்தார்.