வேதக்காரி மர்ம நாவல் படிக்கலாமா?

"ஏட்டி, கொலையும் களவும் நிறைஞ்ச புஸ்தகத்தை ஒரு வேதக்காரி படிக்கலாமா? அந்த நேரத்துல ரெண்டு சங்கீதம் வாசிச்சா ஆத்துமாவுக்காவது ஆகும்!"

எங்கள் வீட்டுத் தார்சாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரிய மைனி இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். கருப்பட்டிக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஊர் ஏரல். தாமிரபரணிக் கரையில், சுற்றுவட்டார கிராமங்களெல்லாம் சாமான் வாங்க வரும் கடைத்தெரு ஊர். எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, செயலாளர் என்று யாரும் கிடையாது. ஆராதனை முடிந்து, ஆக்கிப் போட்டு, பிள்ளைகளைத் தூங்கப் போட்ட பிறகு ஏழெட்டுப் பெண்கள் வந்து உட்காருவோம். படித்த கதையைப் பேசுவோம். 1980-களில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் மாத நாவல்கள் தொங்கிய காலத்தில் ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் அடுப்படியில் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் எங்களில் பாதிப் பேர். இங்கிலீஷ் புத்தகம் படிப்பது நானும் டீச்சர் அக்காவும்தான். நாங்கள் படித்துவிட்டு, எங்கள் பாஷையில் கதையாகச் சொல்லுவோம்.

பெரிய மைனிக்கு முதலில் பதில் சொன்னது புன்னைக்காயலிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஆர்.சி. அக்கா.

"எங்க பைபிள்ல தானியேல் பதிமூணாம் அதிகாரம் இருக்கு, மைனி. உங்க பைபிள்ல அது கிடையாது. சூசன்னாங்கிற பொம்பளை மேல ரெண்டு மூப்பர்மார் அபாண்டமாப் பழி போடுதாவ. தோட்டத்துல ஒரு வாலிபனோட இருந்தாள்னு. ஊரே நம்பிட்டு. தானியேல் வந்து ரெண்டு பேரையும் தனித்தனியா நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேக்கான், 'எந்த மரத்தடியில பார்த்தீர்?'னு. ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கிட்டாவ. இதைவிடத் துப்பறியும் கதை வேணுமா?"

பெரிய மைனி யோசித்தார்கள். அதற்குள் மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் வாய் திறந்தார்கள்.

"மோட்சப் பிரயாணத்துல இல்லாத திகிலா? சந்தேகக் கோட்டையில ராட்சசன் அவனைப் பூட்டி வச்சு அடிக்கும்போது சின்னப் பிள்ளையில எனக்கு மூச்சே நின்னுரும்."

அத்தை சொன்னது ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட கதை. கோட்டைக்குள் நாளெல்லாம் தவித்த கிறிஸ்தியானுக்கு, பூட்டைத் திறக்கிற சாவி தன் மடியிலேயே இருப்பது கடைசியில்தான் ஞாபகம் வரும். நம் பக்கத்துச் சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அந்தக் கதையைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடினார். அது 1894-ல் அச்சாயிற்று. ஆக, பயமுறுத்திப் பிறகு ஆறுதல் சொல்லும் கதை நம் சீமைக்குப் புதிது இல்லை!

மைனி சமாதானமானார்கள். "சரி, அப்ப நல்லதா ஒண்ணு சொல்லு" என்றார்கள். அன்றுதான் நான் ஃபாதர் பிரவுனை எங்கள் தார்சாவுக்குக் கூட்டி வந்தேன்.

வாத்தியாராக இருந்த என் அப்பா எனக்கு விட்டுப் போன சொத்து அந்தத் தடிப் புத்தகம். எழுதியவர் ஜி. கே. செஸ்டர்டன். முதல் தொகுதி 1911-ல் வந்தது. குள்ளமான உருவம், பெரிய குடை, கையில் காகிதப் பொட்டலங்கள். பார்த்தால் ஒன்றும் அறியாத அப்பாவிச் சாமியார் மாதிரி இருப்பார் ஃபாதர் பிரவுன். செஸ்டர்டனுக்கு ஜான் ஓ'கானர் என்று ஒரு குருவானவர் சிநேகிதர். உலகத்தின் பொல்லாப்பு அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று செஸ்டர்டன் அதிர்ந்து போன நாளிலேயே, இரண்டு மாணவர்கள், "மடத்துக்குள் அடைந்து கிடக்கிற சாமியாருக்கு உலகம் என்ன தெரியும்?" என்று பேசினார்களாம். செஸ்டர்டனுக்குச் சிரிப்பு. பாவசங்கீர்த்தனம் கேட்கிறவருக்குத் தெரியாத பாவம் உண்டா! அங்கே பிறந்தவர்தான் இந்தத் துப்பறியும் சாமியார்.

முதல் கதையில் நீலக்கல் பதித்த வெள்ளிச் சிலுவை ஒன்றை அவர் பொட்டலமாகக் கொண்டு போகிறார். பெரிய திருடன் ஒருவன் குருவானவர் வேஷத்தில் கூடவே வருகிறான். அவர்களைத் தேடிப் போகிற போலீஸ் அதிகாரி ஒரு ஹோட்டலில் காப்பி குடிக்கிறார். சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு, உப்பு ஜாடியில் சர்க்கரை! வேறொரு கடையில் பழங்களின் விலைச்சீட்டு இடம் மாறியிருக்கிறது. யார் இப்படிக் குறும்பு பண்ணிக்கொண்டே போகிறார்கள்? ஏன்? அதை நான் சொல்ல மாட்டேன், சகோதரிகளே. முடிவைச் சொல்லிவிட்டால் உங்களுக்குப் படிக்கிற ருசி போய்விடும்.

எங்கள் கூட்டத்தில் இந்த மாதிரி முடிச்சை முதலில் அவிழ்ப்பவள் யார் தெரியுமா? எங்கள் வீட்டில் கூடமாட ஒத்தாசைக்கு வரும் பெண். எட்டாம் வகுப்போடு நின்றவள். நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். நாங்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கும்போது, "அக்கா, அந்த ஆளு எதுக்கு முதல்லயே காசு கொடுத்தான்?" என்று சரியான இடத்தில் கை வைப்பாள்.

இப்படி இருந்த எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு மர்மக் கதை நுழைந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்துவிட்டது. கரண்டு இல்லை, போன் இல்லை. ஏரல் தீவாகிப் போனது. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், நகை வைக்கிற இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிக் கொடுத்தது அந்தப் பெண்தான். தன் வீட்டுக் கூரையைக்கூட அப்புறம்தான் போய்ப் பார்த்தாள்.

தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்து ஓய்ந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். என் மூன்று பவுன் சங்கிலி இல்லை.

"வெள்ளம் கொண்டு போயிருக்கும்மா" என்றார்கள் அத்தை.

எப்படிக் கொண்டு போகும்? பெட்டி நனையவே இல்லையே! உள்ளே விரித்திருந்த காகிதம்கூட மொடமொடவென்று இருந்தது. இத்தனை துப்பறியும் கதை படித்த எனக்கு அது போதாதா? பெட்டியைத் தொட்டது யார் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெண்ணிடம், "மேல தூக்கிட்டுப் போகும்போது பெட்டி திறந்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டேன். "இல்லக்கா" என்றாள். மறுநாளிலிருந்து வேலையை முடித்துவிட்டு உட்காராமல் போனாள். நான் ஒரே ஒருத்தியிடம்தான் வாய் விட்டேன். இரண்டு நாளில் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.

ஜனவரியில் கூட்டம் மறுபடி கூடியது. நனைந்து உப்பிப் போன அப்பாவின் புத்தகத்தை மொட்டை மாடியில் ஏடு ஏடாகக் காய வைத்திருந்தேன். அந்த வருஷம் பண்டிகையே கொண்டாடவில்லை, பண்டிகைக் கதையாவது சொல்லு என்றார்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் நடக்கும் 'பறக்கும் நட்சத்திரங்கள்' கதையைச் சொன்னேன். ஒரு வீட்டில் விலையுயர்ந்த வைரங்கள் காணாமல் போகின்றன. சாமியார் போலீஸைக் கூப்பிடுவதில்லை. தோட்டத்தில் மரத்தின் மேல் ஒளிந்திருக்கும் திருடனை அண்ணாந்து பார்த்து, இருட்டில் பேசுகிறார். நீ வைரத்தைக் கொண்டுபோய்விடுவாய். ஆனால் உள்ளே ஒரு நல்ல பையன் மேல் ஏற்கெனவே பழி விழுந்துகொண்டிருக்கிறது, அவன் வாழ்க்கை என்ன ஆகும் என்று கேட்கிறார். மேலேயிருந்து வைரங்கள் கீழே விழுகின்றன. அந்தத் திருடன் அதற்கு மேல் திருடுவதில்லை.

கதை முடிந்தது. வழக்கமாக எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அன்றைக்கு அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள், நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது தலை நிமிராமல் சொன்னார்கள்: "எம்மா, அந்தச் சங்கிலி அடகுக் கடையில இருக்கு."

நாத்தனாருக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பிறந்த செலவு. மருமகன் கையில் காசு தங்காது என்று என் கணவர் அந்த வீட்டுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியிருந்த நேரம். மகளுக்காக அக்டோபரிலேயே அடகு வைத்துவிட்டு, மீட்டுவிடலாம் என்று நாளைக் கடத்தியிருக்கிறார்கள். வெள்ளம் வந்ததும் அதன் தலையில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. விழுந்த பிறகு சொல்லத் தைரியம் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால், 1927-ல் வந்த இன்னொரு தொகுதியில் ஃபாதர் பிரவுன் தன் ரகசியத்தைச் சொல்லுகிறார். குற்றவாளியை வெளியே நின்று பூதக்கண்ணாடியால் பார்க்கிறதில்லையாம். எந்த நிலைமையில் இருந்தால் நானே இதைச் செய்திருப்பேன் என்று அவன் மனசுக்குள் போய் உட்காருவாராம். நானும் உட்கார்ந்து பார்த்தேன். என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கையில் காசில்லை, மகனிடம் கேட்க முடியாது என்றால்? பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தால்? கோபம் அடங்கிவிட்டது. ஆனால் அதே மாதிரி ஒரு நிமிஷம் அந்தப் பெண் மனசுக்குள் போய் உட்காரத் தோன்றாமல் போயிற்றே! அந்த வெட்கம் இன்றைக்கும் அடங்கவில்லை.

அத்தையும் நானுமாக அவள் வீட்டுக்குப் போனோம். "தப்பு என் மேல தாயி" என்று அத்தை அவள் கையைப் பிடித்தார்கள். அவள் அத்தையை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"திருடினியான்னு நீங்க வாயால கேக்கலக்கா. கண்ணால கேட்டிய."

கடைத்தெருவில் பரவினதைத் திரும்பப் பொறுக்க முடியுமா? முடிந்தமட்டும் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். ஈஸ்டருக்கு முன் சங்கிலியை மீட்டோம். அவளும் வேலைக்கு வந்தாள். ஆனால் கதை நேரத்தில் அடுப்படியிலேயே இருந்துகொண்டாள்.

சகோதரிகளே, நீங்களும் நாலு பேராகக் கூடிப் படிக்க ஆசைப்பட்டால் ஃபாதர் பிரவுன் சிறுகதைகளில் ஆரம்பியுங்கள். ஒரு கதையை ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். அடுத்தது டாரதி சேயர்ஸ் 1934-ல் எழுதிய 'ஒன்பது தையற்காரர்கள்'. சபை ஐயர் வீட்டில் பிறந்தவர் அவர். தலைப்பைப் பார்த்து ஊசி நூல் கதை என்று நினைத்துவிடாதீர்கள்! ஆண்பிள்ளை இறந்தால் கோயிலில் ஒன்பது முறை அடிக்கும் துக்கமணியைத்தான் அப்படிச் சொல்லுகிறார்கள். காணாமல் போன மரகத மாலை, கல்லறையில் ஒரு கூடுதல் பிணம், கடைசியில் ஊரையே வெள்ளம் சூழும்போது ஐயர் ஜனங்களையெல்லாம் கோயிலுக்குள் சேர்த்துக் காப்பாற்றுவது... எங்கள் ஏரல் பெண்கள் அந்த இடத்தில் அழுதேவிட்டார்கள்.

ஃபிராங்க் பெரட்டியின் நாவலை (1986) டீச்சர் அக்காவின் மகள் சென்னையிலிருந்து கொண்டு வந்தாள். தேவதூதருக்கும் பிசாசுகளுக்கும் ஓர் ஊரைச் சுற்றி யுத்தம். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி ராத்திரியில் கதவு ஆடினாலே பயப்பட ஆரம்பித்துவிட்டாள். பால் கொடுக்கும் தாய்க்குக் கிடைப்பதே கோழித் தூக்கம். அதையும் திகில் கதைக்குக் கொடுக்கலாமா? பிள்ளை தூங்கும் பகல் நேரத்தில் படியுங்கள். கதையை மூடிய பிறகும் பயமோ அழுகையோ நாள்கணக்கில் விடவில்லையென்றால் அது கதையின் குற்றமாக இருக்காது. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற குருவானவர் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு 1929-ல் பத்துக் கட்டளை போட்டார். படிக்கிற எங்களுக்கு மூன்றே மூன்று. முடிவை முன்னாலே சொல்லக்கூடாது. குற்றவாளி யார் என்று கேட்ட பிறகு, அவன் இடத்தில் நான் இருந்தால் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கதையில் கற்ற சந்தேகத்தை வீட்டு ஆட்கள் மேல் பிரயோகிக்கக் கூடாது. மூன்றாவதைச் சேர்த்தது நான்தான். இதைக் கேட்டுப் பெரிய மைனி, "இப்பச் சரி, வேதக்காரி படிக்கலாம்" என்று உத்தரவு கொடுத்தார்கள்!

போன மாதம் புதிதாக வந்த ஒரு மருமகப் பெண்ணுக்காக நீலச் சிலுவைக் கதையை மறுபடி சொன்னேன். உப்பும் சர்க்கரையும் இடம் மாறின இடத்தில் நிறுத்தி, "யார் செய்திருப்பா?" என்று கேட்டேன். எல்லாரும் முழித்தார்கள். அடுப்படி நிலையில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"எனக்குத் தெரியும்க்கா. ஆனா சொல்ல மாட்டேன். விதி இருக்குல்லா?"

அத்தைதான் முதலில் நகர்ந்து, தன் பக்கத்துப் பாயில் இடம் விட்டார்கள்.