சந்தோஷத்துக்கு உரிமை

ருஷ்ய இலக்கியத்தைப் படிக்குந்தோறும் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டாகிறது. சந்தோஷத்தை அடையும் மார்க்கம் யாது என்று பிற தேசத்து ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யர்களோ, அயலான் துன்புறுகையில் நான் மகிழ்ந்திருப்பது நியாயமா என்ற கேள்வியைக் கட்டிக்கொண்டு உறக்கமிழந்திருக்கிறார்கள். 1861-ஆம் வருஷம் வரையில் குடியானவனை நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் கூடியதாயிருந்த அந்நாட்டில், கற்றவர்களில் பலருடைய ஓய்வும் புத்தகங்களும் அடிமைகளின் உழைப்பால் வந்தவை என்பதை நினைத்தால், அவர்கள் நெஞ்சு உறுத்தியதில் வியப்பில்லை.

விமர்சகர் பெலின்ஸ்கி, சரித்திரத்தின் துயரங்களெல்லாம் முடிவில் ஒரு பேரிசைவில் அடங்கிவிடும் என்ற ஹெகலியத் தத்துவத்தில் சில காலம் மயங்கிக் கிடந்து, பின்னர் அதை உதறியெறிந்து, சகோதர மனிதர் ஒவ்வொருவருடைய கதிக்கும் கணக்குச் சொல்லாத இன்பம் இலவசமாக வந்தாலும் தமக்கு வேண்டாம் என்ற கருத்துப்பட 1841-இல் நண்பர் போட்கினுக்கு எழுதினார். நாற்பது வருஷங்களுக்குள், தாஸ்தாயெவ்ஸ்கியின் இவான் கரமாசவ் ஏறக்குறைய இதே வழக்கைக் கடவுளின்மேலேயே தொடுத்துவிடுகிறான்.

செர்னிஷெவ்ஸ்கிக்கு இந்த உறுத்தல் கிடையாது. தன் நன்மையைச் சரியாகக் கணக்கிட்டறிந்தவனுக்குப் பிறர் நன்மையும் அதுவும் வேறல்ல என்று நம்பிய அவர், பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையில் இருந்துகொண்டே, கண்ணாடியும் அலுமினியமுமான மாளிகையில் எல்லோரும் உழைத்து, ஆடிப் பாடி மகிழும் எதிர்காலத்தை ஒரு நாவலில் வரைந்து, 1863-இல் அச்சேறவும் செய்தார் (தணிக்கையாளர்கள் அதை விட்டுவைத்தது ஒரு வேடிக்கை!). மறு வருஷமே தாஸ்தாயெவ்ஸ்கி அந்தக் கணக்கைப் பரிகசித்தார். கலையென்று பார்த்தால் அந்த நாவல் சாமானியந்தான். ஆயினும் சைபீரியாவுக்குப் போகவிருந்த ஒருவர் எழுதிய ஆனந்தத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் மனம் சென்று தங்குவது செகாவிடத்தில். 1898-இல் அவர் எழுதிய ‘நெல்லிக்காய்’ என்ற கதையில், அரைவயிறு உண்டு பணம் சேர்த்த உத்தியோகஸ்தன் ஒருவன், ஒருவாறு பண்ணை வாங்கி, தான் நட்ட செடியின் புளித்த காய்களைக் கண்ணீர் மல்கத் தின்று அவற்றின் ருசியைப் புகழ்கிறான். அதைக் கண்டு மனம் கனத்த தமையன் இவான் இவானிச், சந்தோஷமாயிருப்பவன் ஒவ்வொருவன் வாசலிலும் ஒருவன் சுத்தியலோடு நின்று, துன்பப்படுவோர் உண்டென்று தட்டித் தட்டி நினைவூட்ட வேண்டும் என்று நண்பர்களுக்கு உபதேசிக்கிறார். நெஞ்சைத் தைக்கும் உபதேசந்தான். ஆனால் இதே கிழவர்தாம் சற்று முன்னே, பெய்யும் மழையில் நீரில் குதித்து, முங்கி முங்கி எழுந்து குதூகலித்து, போதும் என்று மற்றவர்கள் அழைத்தும் கரையேற மனமின்றி நீந்திக்கொண்டிருந்தவர். அதை அவரும் நினைக்கவில்லை, செகாவும் எடுத்துக்காட்டவில்லை. கேட்டிருந்தவர்களுக்கோ கதை திருப்தியளிக்கவில்லை. அன்றிரவு அவர்களில் ஒருவருக்கு வெகுநேரம் தூக்கம் வராமற்போனதற்குக்கூடக் காரணம் உபதேசமன்று, கிழவருடைய புகைக்குழாயின் நாற்றம்.