ஒரே விமான நிலையம், இரண்டு வாசல்



பிரான்சில் கிராண்ட் பலோன் மலை உச்சியில் நானும் என் துணைவியாரும் நிற்கும் படத்தை இங்கே போட்டிருந்தேன் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் இன்பாக்ஸில் வந்து, "சார், நாங்களும் ஐரோப்பா போகிறோம். வாடகைக் காரை எங்கே எடுத்தால் நல்லது?" என்று கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் தட்ட என் விரலுக்குத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உறவினர்களுக்கு. கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் புவியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிளவுப் பள்ளத்தாக்குப் பாடம் வந்தால் கரும்பலகையில் இரண்டு மலைகளை வரைந்து, நடுவில் நிலம் கீழே இறங்கியதற்கு இரண்டு அம்புக்குறி போட்டு, அதில் ரைன் நதியை நீலச் சாக்பீஸால் இழுப்பேன். இடப்பக்கம் வாஸ்ஜஸ், வலப்பக்கம் கருங்காடு. 31 வருடம் வரைந்தேன். ஒருநாளும் பார்த்ததில்லை. சென்ற செப்டம்பரில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அப்பா, ஒரு வாரம் லீவு போடுறோம். எங்கே போகணும்?" என்று மகள் கேட்டாள். எல்லோரும் பாரிஸ் என்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் ரைன் பள்ளத்தாக்கு என்றேன்.

அந்தப் பக்கத்துக்கு லண்டனிலிருந்து பாசலுக்கு விமானம் இருக்கிறது. பாசல் சுவிட்சர்லாந்து நகரம். ஆனால் அதன் விமான நிலையம் முழுக்க முழுக்க பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது. 1949-ல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து நடத்துகின்றன. ஒரே கட்டடம், பொதுவான ஓடுபாதைகள். வெளியே போக மட்டும் ஒரு பக்கம் சுவிட்சர்லாந்து வாசல், மறுபக்கம் பிரான்ஸ் வாசல். இரண்டு பக்கமும் வாடகைக் கார் கவுண்டர்கள் உண்டு. முன்பதிவு செய்யும்போது ஒரே நிலையத்துக்கு மூன்று குறியீடுகள் வரும்: சுவிஸ் பக்கத்துக்கு பிஎஸ்எல், பிரெஞ்சுப் பக்கத்துக்கு எம்எல்எச், இரண்டுக்கும் பொதுவாக இஏபி.

மாப்பிள்ளை ஒரு திட்டம் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி, 50-ஆம் நம்பர் பஸ்ஸில் பாசல் ரயில் நிலையம். அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் பிரான்சின் கொல்மார். ஞாயிறு முழுக்க அந்தப் பழைய ஊரை நடந்து பார்ப்பது. கடைத்தெருவில் எப்படியும் கார் போகாது. திங்கள் காலை அந்த ஊரிலேயே காரை எடுத்து, வியாழன் வரை இரண்டு மலைகளையும் சுற்றிவிட்டு, அங்கேயே திருப்பிக் கொடுப்பது. பிறகு ரயிலில் லூசர்ன். அங்கே இரண்டு இரவு. திரும்பவும் ரயில், அதே 50-ஆம் நம்பர் பஸ், விமானம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையான காரணம் ஒன்று இருந்தது. என் துணைவியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று பெட்டி, நாலு வயதுப் பேத்தி, அவளுக்கு ஒரு சீட் வேறு. பஸ்ஸில் ஏறி, ரயிலில் ஏறி, இறங்கி என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இறங்கிய இடத்திலேயே காரை எடுத்தால் அவள் நடக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். லேப்டாப்பில் நானே உட்கார்ந்து தேடினேன். சுவிஸ் பக்கம் ஒரு விலை, பிரெஞ்சுப் பக்கம் ஒரு விலை. அதே அளவு கார், அதே ஏழு நாள், 140 யூரோ குறைவு. பென்ஷன்காரனுக்கு 140 யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. பெரிய கண்டுபிடிப்புச் செய்தவன் மாதிரி பிரெஞ்சுப் பக்கத்தையே பதிவு செய்யச் சொன்னேன். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாமா, கடைசி ரெண்டு நாள் சுவிட்சர்லாந்துல இருந்து வர்றோம். காரைத் திருப்பிக் கொடுக்கிறது எந்தப் பக்கம்?" "ஒரே ஏர்போர்ட்தானே மாப்பிள்ளை" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை.

இறங்கிய அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டு அம்புக்குறிகளில் பிரான்ஸ் என்று போட்ட பக்கம் திரும்பி வெளியே வந்தோம். சனி மாலை ஊருக்குள் இருக்கும் அலுவலகங்கள் மூடியிருக்கும் நேரத்தில் இங்கே கவுண்டர் திறந்திருந்தது. இது விமான நிலையத்தில் எடுப்பதன் பெரிய சௌகரியம். கிரெடிட் கார்டு மட்டும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அதில் ஒரு தொகையை டெபாசிட்டாகப் பிடித்து வைப்பார்கள். அங்கே சாதாரணமாகக் கொடுப்பது கியர் வண்டிதான். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு, கூடக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவது லண்டன்காரருக்கும் புதிதுதான் என்பதால் ஆட்டோமேட்டிக் எடுத்தோம்.

அந்த வட்டார நெடுஞ்சாலையில் கொல்மாருக்குச் சுங்கம் கிடையாது. ஜெர்மனிப் பக்கமும் காருக்குச் சுங்கமில்லை. சுவிட்சர்லாந்தில் மட்டும் நெடுஞ்சாலையில் ஏறினால் வருடக் கட்டணம் 40 பிராங்க். ஒரு நாள் போனாலும் அதேதான். சுவிஸ் பக்கம் எடுக்கும் காரில் அது கட்டியே இருக்கும். பிரெஞ்சுக் காரில் இருக்காது, நாம்தான் கட்ட வேண்டும். கட்டாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், 40-ஐயும் அதற்குமேல் கட்ட வேண்டும். என் 140 யூரோவில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் கொல்மாரில் சும்மா நின்றதற்குப் பார்க்கிங் கட்டணம் இரண்டாவது ஓட்டை. லூசர்ன் விடுதிப் பார்க்கிங் மூன்றாவது. வியாழக்கிழமை ராத்திரி கணக்குப் போட்டேன், மிச்சம் 30 யூரோ. யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் கார் எடுத்தது வீண் என்று சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமை கிராண்ட் பலோன் மலைக்குப் போனோம். வாஸ்ஜஸ் மலையிலேயே உயரமானது, 1,424 மீட்டர். மலை முகட்டிலேயே சாலை போகிறது. கார் நிறுத்திய இடத்திலிருந்து துணைவியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். மேகம் விலகியிருந்தது. கீழே அகன்ற சமவெளி, அதற்கு அப்பால் நீலமாக ஒரு சுவர் மாதிரி கருங்காடு. நடுவில் இருந்ததெல்லாம் கீழே இறங்கிய நிலம். நான் பலகையில் வரைந்ததைவிடப் பள்ளத்தாக்கு மிக அகலமாக இருந்தது. இத்தனை வருடமும் இரண்டு மலைகளையும் நெருக்கிப் போட்டிருக்கிறேன். அதற்காக உங்கள் யாருக்கும் மதிப்பெண் குறைத்திருந்தால் மன்னிக்கவும்.

இப்போது திரும்பி வந்த கதை.

சனிக்கிழமை. லூசர்னிலிருந்து பாசல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மதியம் விமானம். மறுநாள் காலை லண்டனிலிருந்து எங்களுக்குச் சென்னை விமானம், மாற்ற முடியாத டிக்கெட். பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, கையில் நேரம் வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். முன்சீட்டில் நான். வழி சொல்லும் பொறுப்பு எனக்கு. போனில் விமான நிலையத்தின் பெயரைத் தட்டினேன். பாசலுக்குள் விமானப் படம் போட்ட பலகைகள் வந்தன. "அதையே பிடிச்சுப் போங்க மாப்பிள்ளை" என்றேன்.

நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரு சாலை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பேத்தியிடம், "பாப்பா, நாம இப்போ போறது பிரான்ஸ் நிலம். ஆனா இது சுவிட்சர்லாந்துக்காரங்க விமான நிலையத்துக்குப் போக மட்டும் போட்ட ரோடு. நடுவுல எங்கேயும் பிரான்சுக்குள்ள இறங்க முடியாது..." என்று பாடம் நடத்தினேன். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இறங்க முடியாது என்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. மாப்பிள்ளைக்கும் அதே நொடியில் புரிந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகியதைப் பார்த்தேன்.

சுவிஸ் பக்கக் கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார். இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் எடுத்தது வேறு நாட்டில் என்பதால் அதற்கு ஒரு கட்டணம். தொகையைக் கேட்டேன். நான் ஆரம்பத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததைவிட அதிகம். கட்டடத்துக்குள் ஆள் நடந்து அந்தப் பக்கம் போகலாம், கார் போக முடியாது. திரும்பவும் பாசலுக்குள் போய், எல்லையைக் கடந்து, பிரான்ஸ் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வர வேண்டும்.

"கட்டிடலாம் மாமா, விட்டுருங்க" என்று மாப்பிள்ளை கார்டை எடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். இதுவும் என் பிடிவாதம்தான். பெண்களையும் பெட்டிகளையும் அங்கே இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். சனிக்கிழமையில் பாசல்காரர்கள் விலை குறைவு என்று சாமான் வாங்க பிரான்சுக்குப் போவார்களாம். எல்லைக்கு முன்னால் கார்கள் ஊர்ந்தன. என்னைப் போலவே மலிவு தேடிப் போகிறவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் இரண்டு முறை போன் செய்தாள். "அம்மா செக்யூரிட்டிக்குள்ள போகமாட்டேங்கிறாங்க. அப்பா வந்தாத்தான் வருவேன்னு நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க."

காரில் நானும் மாப்பிள்ளையும் மட்டும். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. "அன்னைக்கே கேட்டீங்க மாப்பிள்ளை, எந்தப் பக்கம்னு" என்றேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "எனக்கும் சரியாத் தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா அழுத்திச் சொல்லியிருப்பேன்" என்றார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். லேப்டாப்பில் அவர் அந்த இடத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததை நான் பார்த்தேனே!

சாவியைக் கொடுத்துவிட்டு, கட்டடத்துக்குள் குறுக்கே ஓட்டமும் நடையுமாக வந்தோம். லண்டன் விமானம் என்பதால் பாஸ்போர்ட் வரிசை வேறு. எங்களுக்குப் பின்னால் விமானத்தில் ஏறியவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். துணைவியார் அந்த முழங்காலோடு, வேண்டாம் என்று நான் நினைத்த நடையெல்லாம் அன்று நடந்தார். இரண்டு நாள் கால் வீங்கியிருந்தது.

ஆக, கேட்டவர்களுக்கு: முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் ஊருக்குள் என்றால், நடுவில் எந்த ஊரில் கார் தேவையோ அங்கே எடுத்து அங்கேயே விடுங்கள். ஞாயிறு மூடியிருக்கும், பிரான்ஸ் சிற்றூர்களில் மதிய உணவுக்கும் மூடுவார்கள், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாசல் விமான நிலையத்தில்தான் எடுப்பீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக நாளோ அந்தப் பக்கம். திரும்பும்போது போனில் நிலையத்தின் பெயரைத் தட்டாதீர்கள், காரை விடும் இடத்தின் முகவரியையே தட்டுங்கள். ஜெனிவாவிலும் இப்படி ஒரு பிரெஞ்சுப் பகுதி உண்டு, அதற்கும் பிரான்சிலிருந்து தனிச் சாலைதான். அங்கே போகிறவர்களும் கவனம்.

உறவினர்களுக்கு: அந்த வாரம் கொல்மாரிலிருந்து போனில் பேசியபோது, "மாப்பிள்ளைக்குச் செலவு பண்ணத்தான் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியாது" என்று உங்களில் மூன்று பேரிடம் சொன்னேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அந்த மூன்று பேரில் ஒருவர் அதை அவரிடமே சொல்லிவிட்டார் என்று இந்தப் பொங்கலுக்குத்தான் தெரிந்தது. யார் என்று கேட்கப் போவதில்லை. ஆனால் சனிக்கிழமை அந்தக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போன வாரம் அவரிடம் போனில், "அடுத்த தடவை உங்க திட்டப்படி ரயில்லயே போயிடலாம் மாப்பிள்ளை" என்றேன்.

"அத்தைக்குக் கால் எப்படி இருக்கு மாமா? அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

அன்புடன்,
உங்கள் புவியியல் ஆசிரியர்