வீட்டுப் படமும் சீவிய உரித்தும்

வீடொன்றின் வரைபடத்தைப் பார்ப்போர் அதிற் சுவர்களையும் கதவுகளையும் யன்னல்களையுமே காண்பர். ஆயின், ஒரு சுவர் எங்கு எழுகின்றது, ஒரு கதவு எத்திசை நோக்கித் திறக்கின்றது என்பவை, அவ்வீட்டில் யார் யாரோடு அமர்ந்து உண்பர், யாருடைய குரல் யாருக்குக் கேட்கும், யார் தனித்து விடப்படுவர் என்பவற்றையும் முன்கூட்டியே தீர்த்துவிடுகின்றன. வெறுங்காணியிற் புதுவீடு கட்டுவோருக்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படுவதில்லை. இருக்கும் வீட்டைப் பெருப்பிக்க முனைவோரே இதனை நன்குணர்வர். அங்கே ஏற்கெனவே மனிதர் வாழ்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஓரிடம் வழக்கத்தால் அமைந்துவிட்டது. அவ்விடத்தைத் தொடாமல் எந்தக் கோட்டையும் கீற முடியாது.

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில், மூன்று பரப்புக் காணியில், 1938 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட நாற்சார் வீடொன்று உண்டு. நடுவே பதினாறு அடிச் சதுரமான முற்றம். அதனைச் சூழ நான்கு புறமும் விறாந்தை. விறாந்தைகளுக்கு அப்பால் அறைகள். சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய பதினெட்டு அங்குலக் கற்சுவர்கள். கூரையைத் தாங்குவன பனந்தீராந்திகளும் சலாகைகளும். பின்புறத்தே, வீட்டோடு ஒட்டாமல், புகைபடிந்த குசினி. வடகிழக்கு மூலையிற் கிணறு. இவ்வீடு 1968 இல் அவ்வீட்டுப் பெண்ணுக்குச் சீதனமாயிற்று. 1999 இல் அவர் அதனைத் தம் மகளுக்குச் சீதனமாக எழுதினார். இடையில் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது அக்குடும்பமும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது ஓடுகளும் கதவுகளும் இல்லை; சுவர்கள் இருந்தன.

இன்று அத்தாயாருக்கு எண்பதை அண்மித்த வயது. மகள் ஆசிரியை, மருமகனும் அரச உத்தியோகத்தர். பேரன் கொழும்பில் வேலை பார்க்கின்றான். பேர்த்தி பல்கலைக்கழகத்திற் பயில்கின்றாள். தாயாரின் மூத்த மகன் 1988 இல் கனடா சென்றவர். பேர்த்திக்கு ஒரு வீடு வேண்டும், கோடை விடுமுறையில் வந்து தங்குவோருக்கு அறைகள் வேண்டும் என்னும் இரு காரணங்களால், மேல்மாடி எடுக்கும் எண்ணம் 2021 இல் உருவாயிற்று. பணத்தின் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருவது. ஆதலின் படமும் அங்கிருந்தே வந்தது.

அப்படம் அழகாயிருந்தது என்பதை மறுத்தற்கில்லை. முற்றத்தை ‘பிளாட்’ போட்டு மூடி, அதனைப் பெரிய மண்டபமாக்கியிருந்தார்கள். முன்புறத்துத் தென்கிழக்கு அறை, மண்டபத்தோடு மறைப்பின்றி இணைந்த குசினியாக மாறியிருந்தது. அக்கினி மூலையிற் குசினி அமைவதால் மனையடி சாஸ்திரமும் நிறைவுற்றது. படுக்கையறைகள் யாவும் மேலே. கீழே ஒரேயொரு படுக்கையறை. அது பின்புறத்துப் பழைய குசினியைத் திருத்தி, குளியலறையும் சேர்த்து, தாயாருக்கென ஒதுக்கப்பட்டது. தென்கிழக்கு அறை அதுவரை யாருடையது என்பது படத்திற் குறிக்கப்படவில்லை. கணவர் மறைந்த நாள் முதல் தாயார் படுத்தெழும்பிய அறை அதுவே. அவரைக் கேட்டபோது, “எனக்கு ஒரு மூலை காணும், பிள்ளை” என்றார். எல்லோரும் அதனைச் சம்மதமென எடுத்துக் கொண்டனர்.

பழைய நாற்சார் வீட்டை நினைந்து உருகுவதும், அதனை முற்றாகப் புறக்கணிப்பதும் ஒரேயளவிற் பிழையானவை. அவ்வமைப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. திறந்த முற்றத்தினூடாக வெப்பக்காற்று மேலெழ, விறாந்தைகளினூடாகக் குளிர்ந்த காற்று உட்புகும். விளக்கில்லா அறைக்கும் வெளிச்சம் வரும். தானியம் காயவைக்கவும், திருமணச் சடங்கு நடத்தவும், நோயாளியைக் கண்காணிக்கவும் அவ்வொரு வெளியே போதுமானதாயிற்று. ஆயின், அதே அமைப்பு மனிதரைத் தரம்பிரித்தும் வைத்தது. சிலர் விறாந்தையில் அமர்ந்தனர். சிலர் வெளித்திண்ணையோடு நிறுத்தப்பட்டனர். சிலர் படலையைத் தாண்டவும் விடப்பட்டதில்லை. சாதியின் பேராற் பொதுவிடங்களில் மனிதரை மறிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. வீட்டு விறாந்தைக்குள் அது நுழையவில்லை. மாதவிலக்கான பெண் ஒதுங்கியிருந்த பின்மூலையும், விருந்தினர் கண்ணிற் படாது பெண்கள் புகையுள் நின்ற குசினியும் அந்த வீட்டின் அங்கங்களே. ஆகவே, குசினியை முன்னே கொண்டுவர விரும்பிய படத்தில் ஒரு நீதியும் இருந்தது. சமைப்பவளும் மண்டபத்தில் நடக்கும் பேச்சிற் பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயின், ஒரு பெண்ணைப் பின்கட்டிலிருந்து மீட்ட அப்படம் இன்னொரு பெண்ணை அங்கே குடியேற்றியது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வேலையை முளையிலேயே நிறுத்தியது. சீமெந்து விலை ஓராண்டினுள் இருமடங்குக்கு மேலாக ஏறியது. கம்பியின் விலை அதனையொட்டி எழுந்தது. அவ்வாண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றதை யாவரும் அறிவர். இவ்வீட்டில் ஒருவரும் நிற்கவில்லை. பழைய குசினியின் விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. பனைமட்டையும் பூவரசங் கொப்பும் எரிந்தன. படம் அழிக்க நினைத்த குசினியே வீட்டாருக்குச் சோறு போட்டது. மறைப்பற்ற குசினியில் விறகெரிக்க முடியாது என்பதையும், மீன்பொரியலும் மிளகாய் வறுவலும் உள்ள சமையலுக்குப் புகைபோக்கியும் கதவும் வேண்டும் என்பதையும் ஆசிரியை அப்போதுதான் தீர்மானமாக உணர்ந்தார்.

2023 இல் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சையின் பின் நான்கு கால் கொண்ட ஊன்றுசட்டத்தின் துணையோடு நடக்கலானார். வீட்டின் அளவுகள் யாவும் அன்றிலிருந்து பொருள் மாறின. விறாந்தை முன்முற்றத்துக்கு மேலே இருபத்தொரு அங்குலம் உயர்ந்தது, மூன்று படிகள். இதற்கு முன் எவரும் அவற்றை எண்ணியதில்லை. அங்குலத்துக்கு ஓரடி என்னும் கணக்கிற் சாய்தளம் அமைப்பதாயின் இருபத்தோரடி நீளம் வேண்டும். பழைய அறைக்கதவுகள் இரண்டடி மூன்றங்குலம். ஊன்றுசட்டம் சரிந்தே நுழையும், சக்கர நாற்காலி நுழையவே மாட்டாது. சக்கர நாற்காலியை ஒரே இடத்தில் நிறுத்தித் திருப்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள வெளி தேவை. படத்திலிருந்த குளியலறையின் அகலம் நாலடி.

மாடிப்படியே மிகவும் சிக்கலானது. கீழ்த்தளத்திலிருந்து மேற்தளத்துக்குப் பத்தரையடி உயரமெனின், ஏழங்குல உயரமுள்ள பதினெட்டுப் படிகள் வேண்டும். அவற்றை இரண்டாக மடித்து, இடையில் ஒரு தரிப்பு வைத்தாலும் ஏறக்குறைய ஆறரையடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட இடத்தை அது விழுங்கும். அது ஒரு சிறிய அறையின் அளவு. கற்சுவர்களோ கொங்கிறீற் தட்டின் பாரத்தைத் தாங்குவன அல்ல. அத்திவாரத்திலிருந்து தனித்தூண்கள் எழும்ப வேண்டும். தூண்கள் எங்கு நிற்கின்றனவோ அங்கேதான் மேல்வீட்டுச் சுவர்கள் வரும். எனவே, மேலே எத்தனை அறை என்னும் கேள்விக்கு விடை கீழேயே எழுதப்படுகின்றது.

2024 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கென மகன் வந்திருந்தார். வேலையைத் தொடங்குமுன் படத்தை நிலத்திற் காண்பதே முறையென்று மேசன் சொல்ல, கயிறு பிடித்துச் சுண்ணாம்பினாற் கோடுகள் இடப்பட்டன. புதிய மண்டபம், குசினி, மாடிப்படி யாவும் வெள்ளைக் கோடுகளாயின. ஆசிரியை தாயாரை அழைத்து வந்து, கனடாப் படத்தின்படி அவரது அறை இருக்கும் இடத்துக்கு நடந்து பார்க்கச் சொன்னார். முன்வாசலிலிருந்து பழைய குசினி வரை ஐம்பத்தெட்டு அடி. தாயார் இரண்டிடத்தில் நின்று இளைப்பாறினார். அங்கு சென்று சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தார். மாடிப்படிக்கென இட்ட கோடுகள் இடையில் நின்றன. “இதிலை சுவர் வந்தால் படலை தெரியாது, என்ன?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

பகலில் வீட்டில் அவரையன்றி எவருமில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, மீன்காரர் வருவதும், கோயிலுக்குப் போவோர் நின்று கதைப்பதும், தபாற்காரர் மணியடிப்பதும் படலையில்தான். தென்கிழக்கு அறையின் யன்னலூடாக அவருக்கு வெளியுலகம் இருந்தது. அறைக் கதவினூடாக முற்றமும் அதற்கப்பாற் குசினியும் இருந்தன. ‘ஒரு மூலை’ என்று அவர் கேட்டது இந்த மூலையைத்தான் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவு உடன்பிறந்தோர் இருவருக்கும் வாக்குவாதம் எழுந்தது. பணம் கொடுப்பவர் ஒருவர். உறுதியில் உரிமையுள்ளவர் இன்னொருவர். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையின் வழிவந்த சமூகத்தில், வீடு பெண்வழிச் செல்வது புதிதன்று. ஆயினும், வீட்டைப் பற்றிய இறுதிச் சொல் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்து வந்துள்ளது. அண்ணனது கூற்றிலும் நியாயமில்லாமலில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து அனுப்பிய ஒருவர், தாம் வந்து தங்கும் வீடு தம் மனத்திலுள்ளவாறு அமைய விரும்புவது இயல்பே. தாயாருக்கென்று குளியலறையோடு கூடிய அறையை அவர் கொடுத்தது அன்பினாலேயே. ஆசிரியை பெட்டியைத் திறந்து 1999 ஆம் ஆண்டின் உறுதியை எடுத்து வைத்தார். அதிலே தாயார் தமது சீவிய உரித்தை ஒதுக்கி வைத்தே வீட்டை எழுதியிருந்தார். அவர் உயிரோடுள்ளவரை அவ்வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை அவருடையது. “உறுதியிலை அம்மாவுக்கு முழுவீடும் இருக்குது அண்ணை, படத்திலைதான் இல்லை” என்றார் ஆசிரியை. மறுநாட் காலையில் அண்ணனே அளவுநாடாவைக் கையிலெடுத்தார்.

புதிய படம் அவ்வாண்டின் முடிவில் தயாராயிற்று. தென்கிழக்கு அறை தாயாருக்கே, கதவு மூன்றரையடி. அதன் தென்புறத்தே, ஐந்தடி வெளி மிஞ்சும்படி குளியலறை. வீட்டின் முன்புறத்தில் மலசலகூடம் வருவதை மேசன் விரும்பவில்லை. சாஸ்திரம் தெரிந்த உறவினரும் முகஞ்சுளித்தனர். ஆசிரியை இதில் விட்டுக்கொடுக்கவில்லை. மலக்குழி, கிணற்றுக்கு எதிர்மூலையான தென்மேற்கில் அமையும். தென்சுவரையொட்டி அறுபதடி நீளக் குழாய் செல்வதால், அதற்கு ஓரடிச் சரிவு கொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணக்கல்லானது. அதன் வெடிப்புகளினூடாக நீர் விரைந்து செல்வதால், வெறும் தூரத்தை நம்பியிருத்தல் ஆகாது. ஆதலின் குழியின் அடியும் சுவரும் நீர் கசியாதவாறு கட்டப்பட்டு, மிகைநீர் ஆழமற்ற மண்படையில், வாழைகளின் அடியிற் பரவிச் செல்ல விடப்படும்.

முற்றம் திறந்தே இருக்கும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லீற்றர் நீர் கிடைக்கின்றது. முற்றத்தில் இறங்கும் அந்நீர், வடிகட்டிய பின், நிலத்தினுள் இறக்கப்படும். குசினி பின்விறாந்தையோடு ஒட்டிக் கதவும் புகைபோக்கியும் கொண்டதாக அமையும். முற்றத்தை நோக்கி அகன்ற யன்னல் ஒன்று. பழைய விறகுக் குசினி அப்படியே நிற்கும். மாடிப்படி வடக்கு விறாந்தையிற் செல்கின்றது. அதற்கு உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு கதவு. இன்று ஒரே குடும்பம். நாளை மேல்வீடு தனிக்குடித்தனமாக நேர்ந்தாற் கீழ்வீட்டின் அமைதி கெடாது.

இவற்றுக்கெல்லாம் விலையுமுண்டு. முற்றத்தை மூடாமையால் மேலே மூன்று அறைகளுக்குப் பதில் இரண்டே வரும். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் முழுவதாக வந்தால் நெருக்கமாகவே படுக்க வேண்டும். மேல்வீட்டைச் சீதனமாகப் பெறவேண்டிய பேர்த்தியோ, தன் பெயரில் எழுதுமுன் தன்னையும் ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்கின்றாள். அவளது கேள்விக்கு இன்னும் எவரும் விடை கூறவில்லை. பாட்டியைக் கேட்காமல் வரைந்த படத்தைத் திருத்தியவர்கள், பேர்த்தியைக் கேட்காமல் அடுத்த படத்தை வரைந்திருக்கின்றார்கள் என்பது உண்மையே. வீடு கட்டுவதில் எல்லோரையும் கேட்டு முடிவதென்பது எளிதன்று. கேட்காமல் விட்டவரே பின்னர் அச்சுவர்களுக்குள் வாழ்கின்றார் என்பதுதான் சங்கடம்.

2025 இல் அத்திவாரம் இடப்பட்டது. தூண்கள் கூரைமட்டம் வரை எழுந்து, மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மேல்வீட்டுக்கான பணம் இன்னும் முழுமையாகச் சேரவில்லை. ஆயின், சாய்தளமும் தென்கிழக்கு அறையும் அதன் குளியலறையும் முதலிலேயே முடிக்கப்பட்டுவிட்டன. இவ்வொழுங்கை வற்புறுத்தியவர் அண்ணன் என்பர். காலையில் தாயார் ஊன்றுசட்டத்தோடு அந்த இருபத்தோரடியையும் மெல்ல இறங்கி, படலையடியில் மீன்காரரோடு விலை பேசுகின்றார்.