மன்னார் மணலிலே சில பறவைகள்

பாலை என்ற நிலத்துக்கு எங்கள் தீவில் இடமில்லை என்றுதான் பல ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லி வந்திருக்கிறோம். வன்னிக் காட்டிலே பாலை மரம் உண்டு, பாலைப்பழம் உண்டு, பாலை நிலந்தான் இல்லை என்று சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பதும் வழக்கம். 2025ஆம் ஆண்டு தை மாதத்திலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கற்பிக்கும் ஆசிரியர் அறுவரும் மாணவர் ஐவருமாக மன்னாருக்குப் போய்வந்தோம். அதன்பிறகு அந்த வேடிக்கையை விட்டுவிட்டோம்.

போனது பறவை பார்க்க. நான்கு தொலைநோக்கிகளை இரவல் வாங்கிக்கொண்டு, இரவு பத்து மணிக்குக் காலி வீதியிலிருந்து வானிலே புறப்பட்டோம். உழைப்பவன் ஒருவேளைச் சோற்றுக்கு அலையும் நாட்டிலே, பறவை பார்க்கப் போவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அல்லவா என்று எங்களுள் ஒருவர் புத்தளம் வரையில் வாதாடிக்கொண்டே வந்தார். புத்தளத்திலே தேநீர் குடித்தபின் உறங்கிவிட்டார். அவருடைய கேள்வி மட்டும் உறங்கவில்லை.

விடியும்போது கட்டுக்கரைக் குளத்தைக் கடந்துகொண்டிருந்தோம். அதற்கப்பால் மரங்கள் குள்ளமாகின்றன. குடை விரித்தாற்போன்ற உடை மரங்களும் பனைகளும் உப்புத் தரையுமாக நிலம் வெளிறிப் போகிறது. வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பியிருக்கும் சீமை இது. மழை போனபின் ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்கும் காற்றுக்கும் உரியது. நெய்தலும் பாலையும் ஒரே மணலிலே படுத்திருப்பதைக் காண விரும்புவோர் இங்கே வரலாம்.

தீவுக்குப் போகும் பாலத்தின் இக்கரையிலே வழிகாட்டி காத்திருந்தார். மீனவக் குடும்பத்து இளைஞர், வயது இருபத்தாறு. அவர் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை, “சேர், கதவை மெதுவாச் சாத்துங்கோ” என்பது. மெதுவாகத்தான் சாத்தினோம். ஆனாலும் உப்பளத்து ஓரத்திலே நின்ற ஆட்காட்டி எங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பிறகு பூநாரைகளைக் கண்டோம். தூரத்திலே நீரும் வானும் சேருமிடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியிலே அந்தக் கோடு நூற்றுக்கணக்கான கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. அலகைத் தலைகீழாக நீரிலே அமிழ்த்திச் சல்லடைபோல அரித்து உண்ணும் பறவை அது. பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமே அதன் இறகுக்கு ஏறுகிறது. “திண்டதுதான் நிறம்” என்றார் வழிகாட்டி. எங்கள் பாடப்புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமான வாக்கியம் இல்லை.

இந்த வங்காலைச் சதுப்பு 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டேயர். சைபீரியச் சமவெளிகள் உறையும் காலத்தில் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் மத்திய ஆசிய வான்வழியிலே இறங்கி, தெற்கே இனித் தரையில்லை என்னும் இத்தீவிலே தங்குகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிலே சில கடற்காகங்களின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி அனுப்பியபோது, அவை ரஷ்யாவின் வடதுருவக் கரை வரையில் போனதைக் கண்டார்கள்.

வழிகாட்டி பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மளமளவென்று ஒப்புவித்தார். “அப்பாவும் இப்படிச் சொல்லுவாரா?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அவர் சிரித்தார். அப்பாவின் கணக்கிலே மூன்றே இனங்களாம். மீன் கிடக்கும் இடத்தைக் காட்டுவது; வலையிலே கிடக்கும் மீனைக் கொத்துவது; ஒன்றுக்கும் உதவாதது. பூநாரை மூன்றாவது இனம். “இப்ப எனக்கு உதவுது, தங்கச்சி. இதுகள் நிக்கிற மட்டுந்தான் எனக்கு இந்தச் சம்பளம். மிச்ச நாளுக்குக் கடல்தான்.” புத்தளம் வரையில் வாதாடியவர் இதைக் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டார்.

தலைமன்னார் வீதியிலே எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் சந்தியைக் கடந்தோம். 1990 ஒக்டோபரிலே, தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியோர், வடமாகாண முஸ்லிம் மக்கள் எல்லோரோடும் சேர்த்து இவ்வூராரையும் வெளியேற்றினார்கள். மீண்டு வந்தோர் உண்டு. புத்தளத்திலேயே வேர்விட்டோரும் உண்டு. முந்திய இரவிலே நாங்கள் தேநீர் குடித்த கடையின் முதலாளி எந்த ஊரவர் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வானிலே சிறிது நேரம் பேச்சில்லை.

பேசாலையை நெருங்கும்போது தென்கரை நெடுகக் காற்றாலைகள் தெரிந்தன. 2020 முடிவிலே இயங்கத் தொடங்கிய 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். மின்சாரம் வேண்டாமென்று சொல்லும் யோக்கியதை எங்களுக்கில்லை. 2022 பங்குனியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளிலே கிடந்து வெந்தவர்கள் நாங்கள். ஆனால், கோபுரம் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் மேசையிலே இம்மண்ணின் மீனவனுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டதா? இதே தீவிலே இன்னும் 250 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனம் முன்வந்தபோது சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். நாங்கள் திரும்பிய அடுத்த மாதமே அந்நிறுவனம் பின்வாங்கியது. அதற்கும் பறவை காரணமல்ல, மீனவனும் காரணமல்ல. ஓர் அலகு மின்சாரத்தின் விலையைப் புதிய அரசு குறைக்கக் கேட்டதே காரணம். அவ்வாண்டு ஆகஸ்டு தொடங்கி, புதிய காற்றாலைகளையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்களே வீதியில் இறங்கினார்கள். இறங்கியவர்களிலே எங்கள் வழிகாட்டியும் இருந்தார்.

கடைசியாகப் போனது தலைமன்னார் இறங்குதுறை. இரும்புத் தூண்கள் துருவேறி நிற்கின்றன, அவற்றின்மேல் ஆலாக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கூலிகள் தோணியேறி வந்திறங்கி, காப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகக் காட்டு வழி போனது இந்தக் கரையோரத்திலிருந்துதான். வழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் உரிமையை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்தது. 1964இலே இரண்டு பிரதமர்கள் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கே அனுப்புவதென்றும் மூன்று இலட்சம் பேரை இங்கே வைப்பதென்றும் பங்கு பிரித்தார்கள். அனுப்பப்பட்டோர் கப்பலேறியதும் இத்துறையிலேதான்.

கொட்டாஞ்சேனையிலே கற்பிக்கும் எங்கள் சக ஆசிரியை ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவர். அவருடைய அத்தை 1970களிலே இங்கேதான் கப்பலேறினாராம். தகப்பனுக்கு இந்த நாட்டுக் கடதாசி. உடன்பிறந்தவளுக்கு அந்த நாட்டுக் கடதாசி. இந்தக் கதையை அவர் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.

“இங்கயிருந்து எவ்வளவு தூரம், தம்பி?” என்று கேட்டார்.

“தனுஷ்கோடிக்கு முப்பது கிலோமீற்றர் வரும், அக்கா. ஆலா ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிடும்.”

அவர் தொலைநோக்கியை வாங்கிக் கடலைப் பார்த்தார். அதிலே கரை தெரியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று வழிகாட்டி மூன்றாவது முறை வந்து கூப்பிட்டபோதும் அவர் கண்ணை எடுக்கவில்லை.