தண்டவாளம் போனது, தடம் இருக்கிறது

"சார், பனிக்கட்டி மேல சைக்கிள் ஓட்ட முடியுமா?"

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் கேட்ட கேள்வி இது. முடியும் என்றேன். பின்லாந்து நாட்டின் ஔலு நகரத்தில், பனி கொட்டும் டிசம்பரிலும் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். பனிக்காட்டுப் பாதைகளில் ஓட்டுபவர்கள் அகலமான டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்துவிடுவார்கள். டயர் பரந்து பதிவதால் பனியில் புதையாமல் ஓடும்.

அவன் விடவில்லை. "அப்போ நம்ம பக்கத்துல அப்படி ஒரு பாதை இல்லையா சார்?"

இருக்கிறது, வாசகர்களே! பனிதான் இல்லை, அதற்குப் பதிலாக டிசம்பர் மழை இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு, தீவை ஊடறுத்துச் செல்கிறது ஒரு பசுமைப் பாதை. ஒரு காலத்தில் நம் மலாயா ரயில் ஓடிய பாதை அது. டிசம்பர் விடுமுறையில் என் பன்னிரண்டு வயது மகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று வந்தேன். அந்தப் பயணத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஜோகூர் பாருவில் 170ஆம் எண் பேருந்தில் ஏறினோம். புக்கிட் தீமா சாலையில் பேருந்து போகும்போது தலைக்கு மேலே கறுப்பு இரும்புப் பாலம் ஒன்று குறுக்கே நிற்கிறது. "நாளைக்கு அதன்மேல்தான் போகப் போகிறோம்" என்று காட்டினேன். மகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தேக்காவில் இறங்கிப் பசியாறினோம். லிட்டில் இந்தியா என்று பெயர்ப்பலகை சொன்னாலும் நமக்கு அது தேக்காதானே! பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை எல்லாம் இன்று நெருக்கியடித்து நிற்கும் இந்த வட்டாரம் முன்பு மாட்டுக் கொட்டகைகளும் மாட்டு வியாபாரமுமாக இருந்தது. பஃபலோ ரோடு என்ற பெயரே அதற்குச் சாட்சி. வீரமாகாளியம்மன் கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலில் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே டேங்க் ரோட்டிலிருந்துதான் 1903ஆம் ஆண்டு சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை உட்லண்ட்ஸ் நோக்கி ஓடியது. 1923இல் ஜோகூர் நீரிணையின் மேல் பாலம் வந்ததும் ரயில் கடலைத் தாண்டியது. 1932இல் பாதையை மாற்றி, துறைமுகத்துக்கு அருகில் தஞ்சோங் பகார் நிலையத்தைக் கட்டினார்கள். ஏன் துறைமுகத்துக்கு அருகில்? கப்பல் ஏற வேண்டிய சரக்கு அப்படி! நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால், ரப்பராகி, ரயிலேறி, இப்படித்தான் சீமைக்குப் போனது.

அன்றிரவு என் மைத்துனர் வீட்டில் தங்கினோம். லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் மாறாமல் ஹில்வியூவில் போய் இறங்கலாம். அங்கிருந்து அவர் வீடு அருகில்தான்.

மறுநாள் காலை மூன்று சைக்கிள்களில் கிளம்பினோம். இரவெல்லாம் மழை. இரும்புப் பாலத்தின் மேல் ஏறி நின்றபோது கீழே கார்கள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன. இடது பக்கம் புக்கிட் தீமா மலை. உயரம் 163 மீட்டர்தான். ஆனாலும் சிங்கப்பூரில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. அத்தனை பெரிய நகரத்தின் நடுவே அந்தக் காட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பாதையின் இருபுறமும் மரங்கள், பறவைச் சத்தம், ஈர மண் வாசனை. கண்ணை மூடினால் நம் தோட்டத்துச் செம்மண் பாதைதான்!

சிறிது தூரத்தில் மகளின் சைக்கிள் சேற்றில் சறுக்கியது. விழுந்தவளுக்குக் காயமில்லை, சிரிப்புத்தான். நான் அவள் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். "பின்லாந்தில் செய்வது போலவா அப்பா?" என்றாள். "பின்லாந்து எனக்குப் பிறகுதான் தெரியும். உன் தாத்தா செய்ததைப் பார்த்தேன்" என்றேன். மழைக்காலத்தில் பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகையில், என் தகப்பனார் அப்படித்தான் காற்றை இறக்கிவிடுவார். படிக்காத மனிதர், பாடம் மட்டும் சரியாக இருந்தது.

புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம் வந்தது. 1932இல் கட்டிய சிறிய செங்கல் கட்டடம். புதுப்பித்து, முன்னால் சிறிது தூரம் தண்டவாளத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஊழியர் குடியிருந்த வீடு இப்போது காப்பிக்கடை.

மேலும் தெற்கே போய், பாதையை விட்டுச் சற்று விலகினால் காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோவில். குவீன்ஸ்வே ரயில் பாதையோரம் குடியிருந்த ரயில்வே தொழிலாளர்கள் 1932இல் வைத்துக் கும்பிட்ட சிறு கோவில், இன்று கோபுரத்தோடு நிற்கிறது. தண்டவாளம் போட்ட கைகளின் பெயர் எந்தப் பாலத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் நட்ட சாமி நிற்கிறது!

பாதை ஸ்பூனர் ரோட்டருகே முடிந்தது. அங்கிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தஞ்சோங் பகார் நிலையத்துக்கு நடந்தோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது குளுவாங்கிலிருந்து ரயிலேறி, அப்பாவோடு இந்த நிலையத்தில் இறங்கினேன். உயரமான மண்டபத்துச் சுவரில் பெரிய பெரிய சித்திரங்கள். அதில் ஒன்று பால்மரம் வெட்டும் காட்சி. அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாரு தம்பி, நம்மளத்தான் வரைஞ்சு வச்சிருக்கான்" என்றார். அவர் அப்படி நிமிர்ந்து நின்றதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அங்கிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதற்குள் எங்கள் தோட்டமும் விற்கப்பட்டு, லயன் வீடுகளெல்லாம் தரைமட்டமாகிவிட்டன. பத்திரிகையில் செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தச் சுவரையும் இடிச்சிருவானா?"

இடிக்கவில்லை. அந்த ஆண்டே நிலையத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். பாதை முழுவதும் வீடு கட்டாமல் பசுமையாகவே விட்டுவைக்க வேண்டுமென்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் 2010இலேயே எழுதிக் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் இருந்ததால் பாதை பிழைத்தது! அப்பாவுக்குத்தான் மறுபடி வந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நாங்கள் போனபோது உள்ளே செல்ல வழியில்லை. முகப்பில் விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து என நான்கு பளிங்குச் சிலைகள் உண்டு. வெளியே நின்றபடியே, உள்ளே எந்தச் சுவரில் தாத்தா தம்மைக் கண்டார் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம தோட்டத்துல அப்படி ஒண்ணுமே மிச்சமில்லையாப்பா?" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாசகர்களே.

நீங்களும் போய் வாருங்கள். பாதைக்குக் கட்டணமில்லை. இடப்பக்கமாகவே ஓட்டுங்கள், நடப்பவர்களுக்கு வழி விடுங்கள். பாலத்தில் கூட்டமிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம்! இடி இடித்தால் ஒதுங்கிவிடுங்கள். மடிக்க முடியாத சைக்கிளை எம்.ஆர்.டி.யில் ஏற்ற முடியாது. எங்களை மைத்துனர் தம் நண்பரின் வேனில் ஏற்றிவந்தார்.

ஆனால் திரும்பி வந்ததும் இன்னொரு வேலையும் செய்யுங்கள். உங்கள் தோட்டம் இன்னும் இருக்கிறதென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை சைக்கிளில் ஏற்றி எல்லைவரை கூட்டிப் போங்கள். இது ஆயாக்கொட்டகை, இது பெரட்டுக்களம், இது பாட்டி வெட்டிய நிரை என்று காட்டுங்கள். காட்டியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நம்மை வரைந்துவைக்கச் சுவர் இல்லாவிட்டால் என்ன? நோட்டுப் புத்தகம் இருக்கிறதே!

என் மகள் எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் சைக்கிளும் இரண்டு பால் வாளிகளும் வரைந்திருக்கிறாள். டயரில் காற்று கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது.