வயிற்று வலி என்னும் ஒரு சொல்

தில்லியில் டிசம்பர் மாதத்து இரவு. மகளிர் விடுதியின் உணவுக்கூடத்தில் அவள் தட்டில் மூன்று சப்பாத்தியும் பருப்பும் இருந்தன. சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே, வழக்கம்போல் கொப்பூழுக்கு ஒருபுறமாக இன்சுலின் பேனாவை வைத்து 7 யூனிட் செலுத்தியிருந்தாள். முந்தைய வாரம் முழுவதும் அந்த அளவே போதாமல் இருந்தது. ஆனால் அன்று மாலைதான் மாதவிடாய் தொடங்கியிருந்தது. ஒன்றரைச் சப்பாத்திக்கு மேல் குமட்டல் விடவில்லை. மெஃபனமிக் அமில மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, சுடுதண்ணீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ரஜாய்க்குள் சுருண்டாள்.

இரண்டு மணி நேரத்துக்குள் உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின. மாதந்தோறும் முதல் நாளில் வலி முற்றும்போது வருகிற வியர்வைதானே என்று கிடந்தாள். அறைத்தோழி எழுந்து என்னவென்று கேட்டதற்கு, 'பேட் மே தர்த்' என்றாள். தோழிக்கு அது புரிந்த சொல். பையில் புதிதாக வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, ஒரு சாக்லெட்டையும் தலைமாட்டில் வைத்தார். சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்டபோது அவள் தமிழில் பதில் சொன்னாள். கயாவில் பிறந்து வளர்ந்த தோழிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. திரும்பக் கேட்டார், மறுபடியும் தமிழே வந்தது. அப்போதுதான் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து குளுக்கோமீட்டரை எடுத்தார். 48 காட்டியது. 70க்குக் கீழ் போனாலே தாழ்சர்க்கரை. குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துப் புகட்டிப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தபோது 81. சாக்லெட் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதுவும் நல்லதாயிற்று. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தியிருக்கும்.

முதல்வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு வேளை உணவுக்கும் அளவைக் கணக்கிடுவது மனிதரின் வேலை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் புரோஜெஸ்டிரோன் மிகுந்திருக்கையில் பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாது. அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். உதிரப்போக்கு தொடங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப, கூட்டிய அளவு மிகையாகிவிடும். அன்று அந்த மிகையோடு பாதி உணவும் சேர்ந்துகொண்டது. சுடுதண்ணீர்ப் பையும் தன் பங்கைச் செய்தது. ஊசி போட்ட இடம் சூடானால் இன்சுலின் விரைவாக இரத்தத்தில் கலக்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். வலிக்கிற வயிறும் ஊசி போட்ட வயிறும் ஒன்றே என்பதுதான் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அதற்கு முந்தைய ஆகஸ்டில் நேர்ந்தது இதன் மறுபக்கம். வாந்தியும் வயிற்று வலியுமாக ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனவள், பீரியட்ஸ் என்றும் சொன்னாள். வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை. அவளே கேட்டுப் பார்த்தபோது 380, சிறுநீரில் கீட்டோன். இன்சுலின் போதாமல் கீட்டோன் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடையும்போதும் வயிறுதான் வலிக்கும், வாந்திதான் வரும். உயிருக்கே ஆபத்தான அந்த நிலைக்கும் மாதந்தோறும் வந்துபோகும் வலிக்கும் அவள் வாயில் இருந்தது ஒரே சொல்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பள்ளியில் இடக்கரடக்கலுக்குக் 'கால் கழுவி வந்தான்' என்பதை எடுத்துக்காட்டாகப் படித்திருக்கிறோம். வகுப்பறை அந்த அளவோடு நின்றுவிடும். வீடுகளில் வழங்கும் தூரம், விலக்கு, தலைக்குக் குளித்தல், எல்லாவற்றுக்கும் மேலாக 'வயிற்று வலி' ஆகியவை பாடநூலில் இல்லை. மொழியியல் முதுகலை வகுப்பில் இவற்றைப் பட்டியலிட்டு நல்ல மதிப்பெண் வாங்கியவள் அவள். நாகரிகம் கருதி மறைக்கும் சொல், மருத்துவருக்குத் தேவையான வேறுபாட்டையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது என்று அந்தக் கட்டுரையில் அவள் எழுதவில்லை; அன்று அவளுக்கு அது தோன்றவும் இல்லை.

ஒன்று மட்டும் வியப்பு. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை அளவுகளை எழுதிக்கொண்டு போய்க் காட்டுகிறாள். ஏன் இத்தனை ஏற்ற இறக்கம் என்று கடிந்துகொண்டவர்கள் உண்டு. சோறு அதிகமோ என்று கேட்டவர்கள் உண்டு. மாதவிடாய்த் தேதியை யாரும் கேட்டதில்லை. அச்சிட்ட குறிப்பேட்டில் அதற்கொரு கட்டமும் இல்லை. இப்போது அளவுகோல் வைத்துத் தானே ஒரு கோடு இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டம் வந்தபின் மருத்துவரிடம் பேசுவது எளிதாயிற்று. முதல் இரண்டு நாட்களுக்கு அளவு குறைந்தது. குமட்டல் உள்ள வேளையில், உண்டது எவ்வளவு என்று தெரிந்த பிறகே ஊசி, அதுவும் தொடையில். வெந்நீர்ப் பை இடுப்புக்குப் பின்னால் போயிற்று. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. ஆகவே மாத்திரைக்காக உண்ணும் இரண்டு பிஸ்கட்டும் கணக்கில் சேர்கிறது. இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம் என்பதால் ஆண்டுதோறும் சிறுநீரில் அல்புமின் பார்த்துக்கொள்கிறாள். அலமாரிக் கதவில் தோழி தன் கையால் இந்தியில் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது: 'தமிழ் பேசினால் சர்க்கரையைப் பார்.'

போன ஞாயிறு கும்பகோணத்திலிருந்து அம்மா அழைத்தாள்.

"குரலே சரியில்லையே, தூரமாடி?"

"மாதவிடாய்ம்மா. முதல் நாள். சர்க்கரை 112."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"சாப்டியா?"

"பாதிதான்."

"அப்ப ஊசி?"

"பாதிக்குத்தான் போட்டேன்."